ஐஎஸ்ஐ முத்திரை போட்ட குக்கர்தான் வெடித்தது

2023 தை மாதம், பொங்கல் முடிந்த வாரத்தில், எங்கள் வீட்டில் குக்கர் வெடித்து என் மாமியாருக்குக் கழுத்திலும் வலது கையிலும் தீக்காயம் ஏற்பட்டது. கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். மகள் அப்போது ஏழாம் வகுப்பு. மருத்துவமனை, காவல் நிலையம், பாத்திரக் கடை, நுகர்வோர் ஆணையம் என்று எல்லா இடங்களுக்கும் நான் ஒருத்தியாகத்தான் அலைந்தேன். அந்த அலைச்சல் ஓய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எதை எங்கே கேட்டு வாங்க வேண்டும், எதைக் கையைவிட்டுப் போக விடக் கூடாது என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அதில் பாதி நாட்களும் கணிசமான பணமும் மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய கதையிலிருந்து தொடங்குகிறேன். பழைய குக்கரின் கைப்பிடி ஆட ஆரம்பித்ததால் தீபாவளிக்கு முன்பு கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கர் ஒன்று வாங்கினேன். வெளிமூடி வகை. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்கினேன். கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக் காட்டினார், முத்திரை இருந்தது. குக்கரின் அடியிலும் அதே முத்திரை குத்தப்பட்டிருந்தது. கேள்விப்படாத பெயராக இருக்கிறதே என்றதற்கு, "கம்பெனி சரக்குதான் அம்மா, பெரிய கம்பெனிகளுக்கே இவர்கள்தான் செய்து கொடுக்கிறார்கள்" என்றார். விலை 1,150 ரூபாய். பில் கேட்டேன். 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். ஜிஎஸ்டி பில் என்றால் விலை கூடும் என்றார். எங்கள் ஊரில் பாதிக் கடைகளில் இதுதான் நடைமுறை. பணத்தை யுபிஐ வழியாகச் செலுத்தினேன். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அன்று காலை அடுப்பில் இருந்தது சாம்பாருக்கான துவரம்பருப்பு. நான் முன்னறையில் தையல் இயந்திரத்தில் இருந்தேன். தை மாதம் முகூர்த்த மாதம், ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. வெகுநேரமாக விசில் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே அத்தை அடுப்பருகே போனார். அடுத்த நொடி வீடே அதிர்ந்தது. மூடி மேலே பறந்து பரணின் அடிப்பலகையைப் பிளந்திருந்தது. சுவர் முழுக்கப் பருப்பு. அடுப்பின் ஒரு பர்னர் உள்ளே அமுங்கிக் கிடந்தது. முதலில் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினேன், பிறகு அத்தையைக் குளியலறைக்கு அழைத்துக்கொண்டு போய்க் குழாய்த் தண்ணீரைக் காயத்தின்மீது விட்டேன். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்கா பற்பசையை எடுத்துக்கொண்டு வந்தார், இன்னொருவர் இங்க் தடவச் சொன்னார். எதையும் தடவ விடவில்லை. அன்று நான் செய்தவற்றில் மிகவும் சரியானது இதுதான் என்று பிறகு மருத்துவர் சொன்னார். ஆவியோ கொதிநீரோ பட்டால் ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் கூடாது, பற்பசை, மஞ்சள், இங்க் எதுவுமே கூடாது. வளையலையும் மோதிரத்தையும் வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். அத்தையின் கை வளையல்களை நான் கழற்ற மறந்துபோய், மருத்துவமனையில் வெட்டி எடுத்தார்கள். அவர் காயத்தின் வலிக்கு அழாமல் அந்த வளையல்களுக்கு அழுதார். மாமா வாங்கிக் கொடுத்தவை.

மருத்துவமனையில் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். முதலில் எழுதியவர் 'சமையலறையில் தீக்காயம்' என்று மட்டும் எழுதினார். 'பிரஷர் குக்கர் வெடித்ததால்' என்று எழுதும்படி கேட்டேன். வரதட்சிணைக் கொடுமை, தற்கொலை முயற்சி போன்ற சந்தேகங்கள் வரக்கூடிய காயம் என்பதால் தீக்காய வழக்குகளில் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவின் நகல் உங்களுக்கு வேண்டும். காயத்தின் காரணம் அதில் அன்றைக்கே எழுதப்பட்டிருப்பது, பின்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எதைச் சொன்னாலும் அசையாத சான்று. அதேபோல மருந்துக் கடை பில். அவசரத்தில் ஓடி வாங்கிய களிம்புகள், கட்டுத் துணிகள் பலவற்றுக்கு நோயாளியின் பெயர் இல்லாத சிறு சீட்டுகள்தான் என்னிடம் இருந்தன. ஆணையத்தில் அவை எதுவும் கணக்கில் சேரவில்லை. பெயரும் தேதியும் மருத்துவரின் பெயரும் போட்டு பில் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அதைக் கேட்கும் மனநிலை இருக்காது என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் கேளுங்கள்.

அன்று மாலை உறவினர்கள் வந்து சுவரைக் கழுவத் தொடங்கினார்கள். என் மகள்தான் "அம்மா, போட்டோ எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி எல்லாவற்றையும் படம் பிடித்தாள். சுவரிலும் கூரையிலும் வழிந்த பருப்பு, மூடி கிடந்த இடம், பிளந்த பலகை, நசுங்கிய பர்னர். இந்தப் படங்கள் இல்லையென்றால் எங்கள் வழக்கு நின்றிருக்காது. ஏனென்றால் கடைக்காரர் முதல் நாளிலிருந்து கடைசி வரை சொன்ன ஒரே வாதம், "தண்ணீர் ஊற்றாமல் வைத்திருப்பீர்கள்" என்பதுதான். சுவரில் வழிந்த பருப்புத் தண்ணீர் அதற்குப் பதில் சொன்னது. வந்து பார்த்தவர்களிலும் பலர், பருப்பு அதிகமாகப் போட்டிருப்பாய், கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றே பேசினார்கள். ஒரு பொருள் வெடித்தால் செய்தவனையும் விற்றவனையும் விட்டுவிட்டு, அடுப்பருகே நின்ற பெண்ணைத்தான் முதலில் கேட்கிறோம். இதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

குக்கர் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த வழக்குக்காகத்தான் படித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியது என்பதால் சொல்கிறேன். மூடியின் நடுவில் உள்ள குழலின்மீது உட்காரும் வெயிட், உள்ளே ஆவியின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் ஒரு கிலோ வந்ததும் தூக்கிக்கொண்டு விசில் அடிக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 120 டிகிரி வரை போகும்; அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. கேட்பதற்கு ஒரு கிலோ சிறிதாகத் தெரியும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு மூடியின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். ஆக, ஒவ்வொரு சமையலிலும் அந்த மூடியை 300 கிலோவுக்கு மேற்பட்ட விசை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. பருப்பின் நுரையோ தோலோ அந்தக் குழலை அடைத்துக்கொண்டால் ஆவி வெளியேற வழியில்லை, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அப்போது காப்பாற்ற வேண்டியதுதான் சேஃப்டி வால்வு. அதன் நடுவில் குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் ஓர் உலோகக் கலவை இருக்கும். அழுத்தம் கூடக் கூட வெப்பமும் கூடுவதால் அது உருகி, துளை திறந்து, ஆவி வெளியேறிவிடும். நல்ல குக்கரில் அடைப்பு ஏற்பட்டால் வால்வு போகும், சமையலறை அசுத்தமாகும், அதோடு சரி. குழல் அடைப்பது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது என்று தெரிந்துதான் அந்த இரண்டாவது காவலை வைத்திருக்கிறார்கள். எங்கள் குக்கரில் அந்த வால்வு வெறும் அலங்காரமாக இருந்திருக்கிறது. சோதனைக்கூட அறிக்கை வந்தபோதுதான் இது உறுதியானது: வால்வு உருக வேண்டிய வெப்பத்தைத் தாண்டியும் உருகவில்லை.

முத்திரைக்கு வருகிறேன். விபத்து நடந்து சில நாட்கள் கழித்து, இரவில் தூக்கம் வராமல் அந்தப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஐஎஸ்ஐ முத்திரை என்பது அந்த நாற்கோண வடிவம் மட்டும் இல்லை. அதன் தலைக்கு மேல் ஐஎஸ் என்று தொடங்கி அந்தப் பொருளுக்குரிய தரநிலையின் எண் இருக்க வேண்டும். பிரஷர் குக்கருக்கு அது ஐஎஸ் 2347. முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கி உரிம எண் இருக்க வேண்டும். அந்தத் தொழிற்சாலைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) கொடுத்த உரிமத்தின் எண் அது. எங்கள் குக்கரின் அடியில் முத்திரை மட்டும் இருந்தது, மேலும் கீழும் வெறுமை. பெட்டியில் கீழே ஓர் எண் அச்சிட்டிருந்தார்கள். பிஐஎஸ் கேர் என்ற அரசின் இலவசச் செயலியைக் கைபேசியில் இறக்கி, உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியில் அந்த எண்ணைப் போட்டேன். வேறொரு மாநிலத்தில் குடிநீரைப் பாட்டிலில் அடைத்து விற்கும் ஒரு நிறுவனத்தின் பெயர் வந்தது. அதற்குக் கீழே, உரிமம் ஏற்கெனவே காலாவதி என்றும் இருந்தது. எங்கிருந்தோ ஓர் எண்ணை எடுத்துப் பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள்! அத்தையின் முனகல் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இரவில் எனக்கு வந்த கோபம்தான் அடுத்த இரண்டு ஆண்டுகள் என்னை நடக்க வைத்தது.

இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. எண்ணைப் போட்டதும் உற்பத்தியாளரின் பெயர், முகவரி, எந்தப் பொருளுக்கு உரிமம், எந்த வணிகப் பெயருக்கு, எதுவரை செல்லும், இப்போது நடப்பில் உள்ளதா என்று எல்லாம் வரும். பெயர் வந்துவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள். பொருளும் வணிகப் பெயரும் உங்கள் கையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். கடையில் நின்றுகொண்டே பாருங்கள். அதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள். அதே செயலியில் போலி முத்திரை பற்றிப் புகாரும் கொடுக்கலாம், நான் கொடுத்தேன். புகார் எண் வந்தது, பிறகு ஓர் அதிகாரி அழைத்துப் படங்களையும் கடையின் விவரங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சட்டத்தில் இதெல்லாம் தெளிவாகவே இருக்கிறது. வீட்டு உபயோகப் பிரஷர் குக்கருக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. முறையான உரிமமும் முத்திரையும் இல்லாமல் குக்கரைச் செய்வது மட்டும் குற்றமில்லை, விற்பதும் குற்றம். தர நிர்ணய அமைவனச் சட்டம் 2016-ன்படி இதற்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது முதல் முறை குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2021 டிசம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், முத்திரை இல்லாத ஹெல்மெட், குக்கர், சமையல் எரிவாயு சிலிண்டர் ஆகியவற்றை வாங்க வேண்டாம் என்றும், அடுத்து தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர், தையல் இயந்திரம், மைக்ரோவேவ் அடுப்பு, எரிவாயு அடுப்பு ஆகியவற்றைப் பற்றியும் மக்களுக்கு எச்சரிக்கை அறிவிப்புகள் வெளியிட்டது. 2022-ல் தரமற்ற குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காகப் பெரிய இணைய விற்பனைத் தளங்களுக்கே தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. இணையத்தில் வாங்கினால் பாதுகாப்பு என்றும் நினைக்க முடியாது, கடையில் வாங்கினால் பாதுகாப்பு என்றும் நினைக்க முடியாது. எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும்.

கடைக்காரரிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசினேன். மிகவும் அன்பாக உட்கார வைத்தார், காபி வரவழைத்தார். பெரியம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டார். பிறகு, "பழைய குக்கரைக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், கம்பெனிக்கு அனுப்பி வேறு புதிதாக வாங்கித் தருகிறேன், மருந்துச் செலவுக்கும் ஐயாயிரம் தருகிறேன்" என்றார். அவர் குரலில் இருந்த அன்பைக் கேட்டு எனக்கே ஒரு கணம் சரி என்று தோன்றிற்று. வீட்டுக்கு வந்து கணவரிடம் பேசினேன். அவரும் விட்டுவிடு, அலைய வேண்டாம் என்றார். என்னால் முடியவில்லை. நண்பர்களே, விபத்துக்குள்ளான பொருளை எந்தக் காரணத்துக்காகவும் கடைக்கோ கம்பெனி ஆளுக்கோ கொடுத்துவிடாதீர்கள். அது போய்விட்டால் உங்களிடம் இருப்பது வெறும் பேச்சுதான். குக்கரைக் கழுவாமல், மூடி, கேஸ்கெட், வெயிட், வால்வு, உடைந்த கைப்பிடித் துண்டு எல்லாவற்றையும் பெட்டியோடு ஒரு சாக்கில் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பருப்பு காய்ந்து ஒட்டியிருந்த அந்தச் சாக்கை அத்தைக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. வெளியே போடச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைக்காரர் ஆள் அனுப்பி இன்னொரு முறையும் கேட்டார். கொடுக்கவில்லை.

காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினேன். அங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை, ஆனால் அந்த ரசீதின் தேதி பயன்பட்டது. பிறகு ஒரு வழக்கறிஞரிடம் போய் கடைக்கும், பெட்டியில் முகவரி போட்டிருந்த உற்பத்தியாளருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். அதற்கு 8,000 ரூபாய் கொடுத்தேன். அந்தப் பணம் தேவையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவின் அலுவலகம் இருக்கும். அங்கே போய் ஒரு மனு கொடுத்தால் வழக்கறிஞரை நியமித்துக் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இதை எனக்கு யாருமே சொல்லவில்லை! நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நின்று பேசவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

உற்பத்தியாளருக்கு அனுப்பிய தபால், அப்படி ஒரு நிறுவனம் அந்த முகவரியில் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. அன்று முழுவதும் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அந்த உறைதான் வழக்கின் திருப்பம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் பொருளால் நேரும் தீங்குக்கு யார் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. உற்பத்தியாளர் யாரென்றே தெரியாவிட்டாலும், தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலும், விற்றவரே பொறுப்பேற்க வேண்டும் என்கிறது 86-ஆம் பிரிவு. திரும்பி வரும் உறையைப் பிரிக்காமல், தபால்காரரின் குறிப்பு தெரியும்படி அப்படியே வைத்திருங்கள். நான் பிரிக்கப் போனேன். தபால் நிலையத்தில் இருந்த ஒரு பெரியவர்தான் தடுத்தார்.

நுகர்வோர் ஆணையத்துக்கான புகாரை இணையவழியாகவே பதிவு செய்தேன். அப்போது இ-தாகில் என்ற தளம் இருந்தது, 2025 முதல் இ-ஜாக்ரிதி வந்திருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும், இந்தக் கெடு முக்கியம். கடைத் தரப்பு முதலில் அந்தக் குக்கரைத் தாங்கள் விற்கவே இல்லை என்று பதில் மனு போட்டது. எஸ்டிமேட் சீட்டில் கடையின் பெயரே இல்லையே! அப்போதுதான் வங்கியிலிருந்து அந்த யுபிஐ பரிமாற்றத்தின் அறிக்கையை வாங்கித் தாக்கல் செய்தேன். தேதி, தொகை, பணம் போய்ச் சேர்ந்த கடையின் கணக்குப் பெயர் எல்லாம் அதில் இருந்தன. சீட்டில் எழுதியிருந்த அதே 1,150. அதன்பிறகு அந்த வாதத்தை அவர்கள் விட்டுவிட்டார்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. பில் கொடுக்க மறுக்கும் கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பணத்தையாவது கணக்கு வழியாகக் கொடுங்கள்.

பொருளில் குறை இருக்கிறதா என்பதைச் சோதிக்காமல் சொல்ல முடியாது என்றால், ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர்தான் முதலில் கட்ட வேண்டும். எனக்கு ஏறக்குறைய 9,000 ரூபாய் ஆனது. சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு அறிக்கை வருவதற்கே அதைவிடக் கூடுதலாக ஆயிற்று. வாய்தா வாய்தாவாகப் போய் வந்த நாட்களில் ரவிக்கை வேலை நின்றுபோனது. வழக்கமாகத் தைக்கக் கொடுப்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். சில நாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது யாருக்கும் தெரியாமல் அழுதிருக்கிறேன். அத்தையோ விசில் சத்தம் கேட்டாலே வாசலுக்குப் போய்விடுவார், இன்றும் அப்படித்தான்.

தீர்ப்பு 2025-ல் வந்தது. மருத்துவச் செலவாக 62,000 ரூபாய்க்கு மேல் ஆகியிருந்தது. முறையான பில் இருந்த 54,000 மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். வலிக்கும் மன உளைச்சலுக்கும் 60,000, வழக்குச் செலவு 5,000, புகார் கொடுத்த நாளிலிருந்து வட்டி. தையல் வருமான இழப்பை நான் கேட்டிருந்தேன். ஆர்டர் எழுதும் நோட்டில் தேதி, பெயர், முன்பணம் எல்லாம் இருந்ததால் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டார்கள். வீட்டில் இருந்து சம்பாதிக்கும் பெண்கள் தயவுசெய்து ஒரு நோட்டு போட்டு எழுதி வையுங்கள். கடைக்காரர் மேல்முறையீடு செய்வேன் என்றார். மாநில ஆணையத்துக்குப் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும் என்பதால் கடைசியில் போகவில்லை. பணத்தையும் உடனே கொடுக்கவில்லை. தீர்ப்பை நிறைவேற்றக் கோரி மனு போட்ட பிறகுதான் கொடுத்தார். உத்தரவை மதிக்காவிட்டால் சிறை வரை போகலாம் என்பது அவருக்கும் தெரியும். என் கையிலிருந்து போனதையும் வந்ததையும் கூட்டிக் கழித்தால் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் தவறு எங்கள் சமையலறையில் நடக்கவில்லை என்று ஒரு காகிதத்தில் முத்திரை குத்தி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அத்தைக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

வாங்கும்போது குழப்பும் மற்ற அடையாளங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெட்டி முழுக்க முத்திரைகளாக அச்சிட்டால் நாம் மயங்குவோம் என்று விற்பவர்களுக்குத் தெரியும். ஐஎஸ்ஓ 9001 என்பது அந்த நிறுவனத்தின் நிர்வாக முறை பற்றிய சான்று, கையில் இருக்கும் பொருளைச் சோதித்த சான்று இல்லை. சிஇ என்பது ஐரோப்பியச் சந்தைக்கான அடையாளம். பல பொருள்களுக்கு உற்பத்தியாளரே போட்டுக்கொள்வது. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் இருக்கும் நட்சத்திரச் சீட்டு மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும் என்பதைத்தான் சொல்கிறது. கைபேசி சார்ஜர், பவர் பேங்க், எல்இடி பல்பு போன்றவற்றில் ஐஎஸ்ஐ முத்திரைக்குப் பதிலாக ஆர் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதையும் அதே செயலியில் பார்க்கலாம். எரிவாயு அடுப்புக்கு ஐஎஸ் 4246, சிலிண்டரிலிருந்து வரும் ரப்பர் குழாய்க்கு ஐஎஸ் 9573. குழந்தைகளின் பொம்மைக்கும் 2021 ஜனவரி முதல் முத்திரை கட்டாயம். பெட்டியில் உற்பத்தியாளரின் முழு முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, குறை சொல்வதற்கான தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். இறக்குமதியான பொருள் என்றால் எந்த நாடு என்பதும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கையிலெடுத்ததை வைத்துவிடுங்கள்.

நல்ல குக்கர் வைத்திருப்பவர்களும் உதிரிப் பாகத்தில் ஏமாறுகிறார்கள். பத்து ரூபாய் குறைவு என்று தெருவோரம் வாங்கும் சேஃப்டி வால்வும் கேஸ்கெட்டும் குக்கரின் பாதுகாப்பையே எடுத்துவிடும்; குக்கர் செய்த நிறுவனத்தின் பாகத்தையே வாங்குங்கள். தினமும் வெயிட் போடுமுன் குழலை வெளிச்சத்தில் பிடித்துத் துளை தெரிகிறதா என்று பாருங்கள். பருப்பு வகைகளுக்குப் பாதி அளவுக்கு மேல் வேண்டாம், மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு. நேரமாகியும் விசில் வரவில்லை என்றால் குக்கரின் கிட்டே போகாமல் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டுத் தானாக ஆற விடுங்கள்.

உங்கள் வீட்டுக் குக்கரை இன்றே கவிழ்த்துப் பாருங்கள். எண் இல்லாமல் முத்திரை மட்டும் இருந்தாலோ, எண்ணைப் போட்டால் வேறு யாருடைய பெயரோ வந்தாலோ, அதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். படம் எடுத்து, செயலியில் புகார் கொடுங்கள். கடைக்காரர் பணம் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். புகார் முடியும்வரை குக்கரை அப்படியே வைத்திருங்கள். முடிந்த பிறகு பழைய பாத்திரக்காரரிடம் முழுதாகப் போடாதீர்கள். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிச் சந்தையில் இன்னொரு வீட்டுக்கு விற்றுவிடுவார்கள். வால்வையும் குழலையும் கழற்றி நசுக்கிவிட்டு, மூடியைத் தனியாகவும் பாத்திரத்தைத் தனியாகவும் எடைக்குப் போடுங்கள்.